பனியாற்றில் ஒரு அரிசிக் கோணி

அன்று காலை மணாலியிலிருந்து மேலே புறப்பட்ட பஸ்ஸில் முப்பத்தொன்பது பேர் இருந்தோம். மயிலாப்பூர், அபிராமபுரம், நங்கநல்லூர் என்று குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் முப்பத்தைந்து பேர். டூர் மேனேஜர், சென்னையிலிருந்தே கூட்டி வந்திருந்த சமையல்காரர், மணாலியில் ஏறிக்கொண்ட உள்ளூர் கைடு, அப்புறம் நான். வராதவர் ஒருவர்தான், இருபத்திமூன்றாம் நம்பர் சீட்டுக்காரர். அவர் என் அப்பா.

மேனேஜருக்குப் பெயர் வாசிக்கும் பழக்கம் இல்லை. பஸ் கிளம்பும்போதெல்லாம் சீட்டு நம்பர் வாசிப்பார், நாங்கள் கையைத் தூக்குவோம். டெல்லியில் முதல் தடவை இருபத்திமூன்று என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வரவில்லை என்று சொன்னேன். மறுநாளும் வாசித்தார், மறுநாளும் சொன்னேன். நான்காம் நாளிலிருந்து அவரே வாசித்து, அவரே "அது வராது" என்று சொல்லிக்கொண்டு இருபத்திநாலுக்குப் போய்விட்டார். அவர் சீட்டைத்தான் சொன்னார். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது.

காலிச் சீட்டு ரொம்ப நாள் காலியாக இருக்கவில்லை. முதலில் எதிர்வரிசை மாமி தன் பிளாஸ்க்கை வைத்தார். பிறகு யாரோ ஊறுகாய் பாட்டில், ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய். மலை ஏறத் தொடங்கியபோது என் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மூட்டை உட்கார்ந்திருந்தது. வளைவுகளில் அது என் தோள்மேல் சாயும். நான் தள்ளி உட்கார வைப்பேன்.

அப்பா மீன்பாடி வண்டியில் ஐஸ் போடுகிறவர். முன்னால் பலகைத் தட்டு வைத்து, பின்னால் உட்கார்ந்து மிதிக்கிற மூன்று சக்கர வண்டி அது. மந்தைவெளிப் பக்கம் இருந்த ஓர் ஐஸ் கம்பெனியில் விடியற்காலையில் கட்டிகளை ஏற்றி, மரத்தூள் தூவி, கோணி போட்டு மூடி மிதிக்கத் தொடங்கினால், பட்டினப்பாக்கம் மீன் கடைகள், லஸ்ஸில் ஜூஸ் கடைகள், முகூர்த்த நாளென்றால் அபிராமபுரத்துக் கல்யாண மண்டபங்கள் என்று மதியம் வரை ஓடும். வண்டியிலிருந்து கடைக்குள் கட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதும் அவரேதான். இடது காதுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு அவருக்கு உணர்ச்சி கிடையாது. சின்ன வயதில் அந்த இடத்தில் கிள்ளி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டு விளையாடியிருக்கிறேன்.

கம்பெனியில் கட்டிகளை இறக்கும் மேடை எப்போதும் நனைந்து, ஐஸ் தூள் சிதறி, எண்ணெய் ஊற்றியதுபோல இருக்கும். அங்கே யாரும் செருப்புப் போட மாட்டார்கள். வெறுங்காலில் கோணிப் பட்டையைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். ஐஸைப் பிடிப்பது கோணி ஒன்றுதான். ரப்பர் வழுக்கும், தோல் வழுக்கும், வெறுங்கால் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தது என்று சொல்வதுதான் சரி.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, அடையாற்றில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்வர எங்களுக்குப் பயணப்படி உண்டு. எல்.டி.சி. என்போம். சாப்பாட்டு வேளையில் சீனியர்கள் போய்வந்த ஊர்களின் போட்டோக்கள் டிபன் டப்பாக்களைத் தாண்டிக் கைமாறும். அப்படி ஒன்றில் எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டெண்ட், ஒரு பெரிய வெள்ளைச் சரிவின்மேல் இடுப்பில் கைவைத்து நின்றார். அது பனி இல்லை, கிளேசியர் என்றார். ஐஸே ஆறாகக் கிடக்கும், பார்த்தால் தெரியாது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் என்றார். தயிர்சாதக் கையோடு அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்தபோது, அதில் அவருக்குப் பதிலாக அப்பா நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

தி. நகரில் ஒரு மாடிப்படி ஏறிப் போனால் டூர் ஆபீஸ். நோட்டீஸில் ஐந்தாவது வரி, 'கைடுடன் கிளேசியர் சுற்றிக் காட்டப்படும்' என்றிருந்தது. தென்னிந்தியச் சாப்பாடு என்பதை அதைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்பா சொந்தமாகச் சம்பாதிக்கிறவர் என்பதால் அவருக்குப் பயணப்படி கிடையாது. அவர் டிக்கெட்டை நான் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுத்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார்.

"ஐஸ பாக்கறதுக்குத் துட்டு குடுத்துப் போவணுமா? காலைல கம்பெனிக்கு வா, நான் சும்மா காட்டறேன்."

ஆனால் விஷயம் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, அங்கே அது கட்டி கட்டியாக இருக்குமா ஒரே பாளமாகவா என்று கேட்டார். அதற்கு மறுநாள், மரத்தூளும் இல்லாமல் கோணியும் இல்லாமல் வெயிலில் எப்படி நிற்கிறது என்று கேட்டார். உருகுகிற தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்றார். கீழே ஆறாகப் போகிறது என்றேன். கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடி மாதிரி இருக்குமா, நடுவில் வெள்ளை விழுந்திருக்குமா என்று கேட்டார். ஐஸ்காரர்களுக்கு அதுதான் கேள்வி. நல்ல கட்டி என்றால் இந்தப் பக்கம் கை வைத்தால் அந்தப் பக்கம் விரல் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை, வந்து பார் என்றேன். வருகிறேன் என்றார்.

அம்மாவையும் கூப்பிட்டேன். அபிராமபுரத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த வீடுகளில் ஃப்ரிட்ஜைத் திறந்தாலே தனக்கு இருமல் வருகிறது, ஐஸ் மலைக்கு வந்தால் திரும்பி வரமாட்டேன் என்றார்.

அப்பாவுக்கு நடப்பதற்கு ஷூ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பனியில் செருப்பு ஆகாது என்று நோட்டீஸிலும் போட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தி. நகருக்குக் கூட்டிப்போய் மூடிய தோல் ஷூ ஒன்று வாங்கினேன். விரல்கள் விசிறி மாதிரி விரிந்த அகலப் பாதம் அவருக்கு. நாலு ஜோடி பார்த்து ஐந்தாவதுதான் உள்ளே போனது. கடையில் எழுந்து நின்று இரண்டடி வைத்துவிட்டு, கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லையே என்றார். நான் அவரிடம் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை இங்கே எழுத வேண்டும்.

"போட்டுப் பழகு நைனா. எங்க போனாலும் போட்டுக்கினே போ. இல்லாட்டி அங்க வந்து கஷ்டப்படுவ."

வீட்டில் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகத்தில் சேர்ந்தபிறகு வெளியாட்களிடம் பேசும்போது அப்பா என்று சொல்லிப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

அவருக்கு லேஸ் கட்டத் தெரியாது. விடியற்காலையில் அவர் கிளம்பும்போது நான் எழுந்து உட்கார்ந்து கட்டிவிட்டேன். வண்டி மிதித்துப் போகத்தானே, கம்பெனியில் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேனா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று நாள் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் மேடையில் கட்டியோடு சறுக்கி விழுந்து, வலது கணுக்கால் உடைந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா வெறுங்காலோடு படுத்திருந்தார். தரை ஈரம், என்ன செய்வது என்று டாக்டரிடம் சொன்னார். அம்மாவிடமும் அதையே சொன்னார். என்னிடமும் அதையேதான் சொன்னார். வராந்தாவில் கம்பெனியில் கட்டி ஏற்றிவிடும் பாய் நின்றுகொண்டிருந்தார். அப்பாவோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர். என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஓர் ஒயர் கூடையைக் கொடுத்தார். உள்ளே ஷூக்கள், ஈரமாக. லேஸ் அறுக்கப்பட்டிருந்தது.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நான் தலைபாடா அடிச்சிக்கினேன், கழட்டிட்டுக் கோணி கட்டு நைனான்னு. கேக்கல. பையன் எங்க போனாலும் போடச் சொல்லிச்சுன்னாரு."

மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்துப் படம் எடுத்துப் பார்த்துத்தான் அப்பா இனி பாரம் தூக்கலாமா கூடாதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். காலண்டரைப் பார்த்தேன். அந்த நாள், டூர் நோட்டீஸில் கிளேசியர் போட்டிருந்த நாள்.

டூர் ஆபீஸில் கேட்டதற்கு, புறப்படப் பத்து நாள்கூட இல்லை, பணம் திரும்ப வராது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். நானும் போகவில்லை என்றேன் வீட்டில். அப்பா கோபித்துக்கொண்டார். ரெண்டு டிக்கெட்டும் வீணாகணுமா, ஒருத்தனாவது பார்த்துவிட்டு வந்து சொல்லு என்றார். ஷூவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். அவர் கண்ணெதிரேதான் போட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டட்டும் என்றே இரண்டு மூன்று தடவை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காபி குடித்தாயா என்று கேட்டார்.

ரயிலில் இரண்டு ராத்திரி. எல்லாக் குடும்பங்களும் தங்களுக்குள் சீட்டு விளையாடின. எதிர்வரிசை மாமியும் மாமாவும் நல்லவர்கள். மாமா ரிடையர் ஆன கணக்கு வாத்தியார், மாமிக்கு வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பது வேலை. முறுக்கு கொடுத்தார்கள், எந்தத் தெரு என்று கேட்டார்கள், என்ன சம்பளம் என்று கேட்டார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது ஐஸ் பிசினஸ் என்றேன். ஐஸ்க்ரீம் கடையா என்றார் மாமா. சப்ளை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒரே வெயிலும் வறண்ட நிலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் காட்ட அதில் ஒன்றும் இல்லை என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு காட்ட நிறைய வந்தது. டெல்லி வந்தது, பாறையில் மோதிக்கொண்டு ஓடும் ஆறு வந்தது, தூரத்தில் முதல் வெள்ளைச் சிகரம் வந்தது. பஸ்ஸே எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தது. கணவன் மனைவியின் தோளைத் தட்டினான். குழந்தைகள் அப்பாக்களின் முகத்தைப் பிடித்துத் திருப்பின. நான் ஊறுகாய் பாட்டிலை நேராக வைத்தேன்.

கிளேசியர் நாளன்று வழியில் ஒரு தகரக் கடையில் நிறுத்தி எல்லாருக்கும் வாடகைக்குக் கம்பளிக் கோட்டும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கொடுத்தார்கள். கோட்டுகளில் பலபேருடைய வியர்வை இருந்தது. பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அப்படியே போட்டுக்கொண்டேன்.

பஸ் போகக்கூடிய இடம் முடிந்ததும் ஓர் ஓடைக்கரையில் நிறுத்தினார்கள். சமையல்காரர் அங்கேயே அடுப்பை இறக்கினார். குளிரில் மூன்று நாளாகத் தயிர் உறையவில்லை என்று அவருக்குத் துக்கம். அங்கிருந்து பத்து நிமிஷ நடை. கைடு முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு போனார். ஐம்பது வயதிருக்கும், சுருக்கம் விழுந்த சிவந்த முகம். அவர் பேசிய இந்தியில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை, ஆஹிஸ்தா. பாய் கட்டி இறக்கும்போது சொல்கிற வார்த்தை. மெதுவாக, மெதுவாக.

முதலில் பார்த்தபோது யாருக்கும் அது ஐஸ் என்றே தெரியவில்லை. கருப்பும் சாம்பலுமாகச் சரளைக்கல் மூடிய ஒரு பெரிய மேடு. அதைத் தாண்டினால்தான் உள்ளே வெள்ளை என்று மேனேஜர் கைடு சொன்னதை மொழிபெயர்த்தார்.

"இதுவா?" என்றார் மாமி. "எங்காத்து மாடியில தளம் போட்டப்போ சிமெண்டு கொட்டி வெச்சா மாதிரின்னா இருக்கு."

மேட்டில் கால் வைத்த பத்தாவது அடியில் மாமா உட்கார்ந்தார். விழவில்லை, மரியாதையாக உட்கார்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவரைத் தூக்கப்போன மேனேஜரும் உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக விழுந்தார்கள். பிறகு நங்கநல்லூர் அம்மா ஒருவருக்கு முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது, சிரிப்பு நின்றது. நானும் விழுந்தேன். உள்ளங்கை இரண்டும் ஐஸில் பதிந்தன. அந்தக் குளிர் எனக்கு நன்றாகத் தெரிந்த குளிர். அப்பா வீட்டுக்கு வந்து என் கன்னத்தில் கை வைக்கும்போது இருக்கும் குளிர். எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

முடியாதவர்கள் பஸ்ஸுக்குத் திரும்பலாம், போட்டோ இங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். பாதிப் பேர் திரும்பத் தொடங்கினார்கள். நான் அவர்களுக்கும் முன்னால் சமையல்காரரிடம் போய்ச் சேர்ந்தேன். காலிக் கோணி இருக்கிறதா என்று கேட்டேன்.

"கோணியா? அரிசிக் கோணி ரெண்டு இருக்கு. எடுத்துக்கோ. ஆனா திருப்பிக் கொண்டு வராதே, ஈரக் கோணியில அரிசி போட முடியாது."

காய் நறுக்கும் கத்தியால் பட்டை பட்டையாகக் கிழித்தேன். பாதத்தின் நடுவில் இரண்டு சுற்று, குதிகாலுக்கு ஒன்று, கணுக்காலில் முடிச்சு. முடிச்சு மேல்பக்கம் இருக்க வேண்டும், பக்கவாட்டில் இருந்தால் அவிழும். கை தானாகவே செய்தது. ரப்பர் பூட்ஸ் அரிசி மூட்டை மாதிரி ஆகிவிட்டது. மீதிப் பட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மேட்டில் ஏறினேன். பிடித்தது. நேராக நின்றேன்.

கைடு என் காலைப் பார்த்தார். தன் பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். அதிலும் அடியில் முரட்டுக் கயிறு சுற்றியிருந்தது. இத்தனை நேரம் அவர் பின்னாலேயே நடந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

மாமா ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்றார்.

"அப்பா ஐஸ் தூக்கறவர். கால்ல இப்படித்தான் கட்டுவார்."

"பிசினஸுன்னியே?"

"தூக்கறதுதான் சார் பிசினஸ்."

மாமா கணக்கில் பிழை கண்டவர்போல ஒரு நிமிஷம் பார்த்தார். மாமி காத்திருக்கவில்லை. காலை நீட்டினார். "எனக்குக் கட்டு. இவ்வளவு தூரம் வந்துட்டு சிமெண்டைப் பாத்துண்டு போகவா?"

ஐஸில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஏழு பேருக்குக் கட்டினேன். பதினாலு கால். எல்லாக் காலும் வாடகைப் பூட்ஸுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் காலில் நான் கட்டியது ஷூ லேஸ் மட்டும்தான். அதுவும் மூன்று நாள்.

ஏழு பேரும் வெள்ளை தெரிந்த இடம் வரை வந்தார்கள். கையைக் கோத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாமி என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினார். அந்தப் போட்டோ என்னிடம் இல்லை. குளிர் தாங்காமல் அவர்கள் இறங்கியபிறகு கைடு என்னைப் பார்த்தார், மேலே கையைக் காட்டினார். நாங்கள் இருவரும் போனோம்.

கொஞ்ச தூரத்தில் ஐஸ் பிளந்து ஒரு சுவர்போல நின்றது. அங்கே கல் இல்லை, மண் இல்லை. நீலம். சொட்டு நீலம் போட்ட வேட்டியில் வருகிற நீலம் இல்லை, அதைவிட ஆழமானது. உள்ளே ஒரு கல் இருந்தது, ஒரு முழ ஆழத்தில். அதன் ஓரங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. வெள்ளை விழவே இல்லை. எந்தக் கம்பெனியாலும் இப்படி ஒரு கட்டி போட முடியாது. அப்பா கட்டியைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டினேன். வெறும் தட்டல் சத்தம்தான் வந்தது, பிறகு அடியில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அது அதற்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அவ்வளவு பெரிய இடத்தில் நான் அதுவரை நின்றதில்லை. மரத்தூள் இல்லாமல், கோணி இல்லாமல் நிற்கிறது என்று யாரிடமாவது சொல்ல வாய் வந்தது. கைடுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அழவில்லை. இரண்டு உள்ளங்கையையும் அந்த நீலத்தின்மேல் வைத்து, தாங்க முடிகிற வரை வைத்திருந்தேன். அப்பா ஒரு கட்டியை வண்டியிலிருந்து ஜூஸ் கடைக்குள் கொண்டுபோகிற நேரம் கூட என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் மணாலிக் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். பாதிக் கட்டணம் தொடங்கும் நேரம் என்பதால் வரிசை. எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் போன் உண்டு. அங்கே கூப்பிட்டு, ஆளை அழைத்து வரச் சொல்லிவிட்டு வைத்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட வேண்டும். மளிகைக் கடைக்காரர், உங்கப்பா ஆறு மணியிலிருந்து இங்கேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டார். நான் என்ன பேசுவதென்று அந்தப் பத்து நிமிஷத்தில் யோசிக்கலாம் என்றிருந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின.

"டாக்டர் இன்னா சொன்னாரு நைனா?"

"வண்டி மிதிக்கலாமாம். தூக்கக் கூடாதாம்."

"எத்தினி நாளைக்கு?"

"நாளு கீளு இல்லடா. தூக்கக் கூடாது, அவ்ளோதான்." பிறகு, அது ஏதோ பக்கத்து வீட்டு விஷயம்போல, "வுடு. ஐஸ் எப்படி கீது?" என்றார்.

சொன்னேன். மேலே மண்ணும் கல்லும், உள்ளே நீலம் என்றேன். வெள்ளை விழவில்லை, ஒரு முழ ஆழத்தில் கிடந்த கல் தெரிந்தது என்றேன். மறுமுனையில் அவர் அதை மளிகைக் கடைக்காரரிடம் திருப்பிச் சொல்வது கேட்டது. ஒரு முழம், கல்லு தெரிதாம். மீட்டர் ஓடியது. வெளியே வரிசையில் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"நைனா. நான் கோணி கட்டிக்கினுதான் ஏறினேன். பூட்ஸு மேல."

அங்கே ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது.

"யார் சொன்னது உனக்கு?" என்றார்.

"பாய்."

"அந்தாளுக்கு வாயி." மூச்சு விடுவது கேட்டது. "நீ சொன்னியேன்னுதான்டா போட்டேன்."

அந்த வார்த்தைக்குத்தான் நான் அத்தனை நாளும் காத்திருந்தேன் போலிருக்கிறது. வந்தபோது அதில் கோபமே இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தப்பு பண்ணிட்டேன் நைனா என்று சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவரும் போனை வைக்கவில்லை. அவர் தெருவில் ஒரு ஆட்டோ போகிற சத்தம், யாரோ பருப்பு விலை கேட்கிற சத்தம் எல்லாம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கேட்டன. எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில், குளிரில் காதைக் கட்டிக்கோ என்று சொல்லி அவர்தான் வைத்தார்.

பூத்துக்காரர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். எழுபத்தாறு ரூபாய். பேசியது அதில் பாதிகூட இருக்காது.

ஊர் திரும்பி இரண்டு வாரத்தில் அப்பா மறுபடி வண்டி மிதிக்கப் போனார். வண்டியிலிருந்து கடைக்குள் கட்டியைக் கொண்டுபோய் வைக்க ஓர் ஆளைக் கூட வைத்துக்கொண்டார். அந்தக் கூலியை நான் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். என் தொழில், நான் கொடுத்துக்கொள்கிறேன் என்பார். கடைசி வரைக்கும் அவரே கொடுத்தார். கட்டிக்கு இரண்டு ரூபாய், நாளைக்குப் பதினெட்டுக் கட்டி, முப்பத்தாறு ரூபாய்.